கதிர் கத்தினால் யாரைக் கேட்பது? மாதாப்பூரிலிருந்து ஒரு ஸ்பிண்டில் சரித்திரம்

கோயமுத்தூர்க்காரனிடம் ஸ்பிண்டில் என்றால் அவனுக்கு நூல் மில்தான் ஞாபகம் வரும். "அவங்க மில்லு எத்தனை ஸ்பிண்டில்?" என்று எங்க ஊரில் கேட்பது, "உங்களுக்குத் தோட்டம் எத்தனை ஏக்கர்?" என்று கேட்கிற மாதிரி. கேட்டவருக்குச் சொத்து மதிப்பு, பொண்ணு கொடுக்கலாமா வேண்டாமா எல்லாம் அந்த ஒரு எண்ணிலேயே தெரிந்துவிடும் :-). ராட்டையில் இருக்கிற கதிர்தான் அது. 1888-ல் ஸ்டேன்ஸ் துரை கோவையில் மில் வைத்தபோது கதிர்கள் ஆயிரக்கணக்கில் வந்தன. 1932-ல் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு மில்கள் பெருகின. 1962-ல் லட்சுமி மெஷின் வொர்க்ஸ் ஆரம்பித்து, ஸ்விட்சர்லாந்து ரீட்டர் கம்பெனியின் கூட்டோடு நூற்பு இயந்திரங்களையே ஊரில் செய்ய ஆரம்பித்தார்கள்.

பி.காம் முடித்து பேங்க்கில் சேர்ந்த புதிதில் நான் பார்த்த மில் கடன் ஃபைல்களிலும் முதல் பக்கத்தில் ஸ்பிண்டில் எண்ணிக்கைதான் இருக்கும். அது சுற்றும்போது எப்படிச் சத்தம் போடும், ஏன் போடும் என்பதெல்லாம் எங்கள் துறை இல்லை. பெரியப்பா மில்லில் ஃபிட்டராக இருந்தார். ரிங் ஃப்ரேம் வரிசையில் நடந்து போகும்போதே சட்டென்று நின்று, "இதுக்குச் சளி பிடிச்சிருக்கு" என்பார். நானூறு கதிர்களில் ஒன்றுக்குச் சளி! சரி, கொசுவத்தி போதும், மேட்டருக்கு வருவோம்.

இப்போது ஒன்பது வருஷமாக மாதாப்பூரில் வேலை. 1998-ல் சைபர் டவர்ஸ் திறந்ததிலிருந்து இந்தப் பக்கம் ஒரே கண்ணாடிக் கட்டடம்தான். அந்தக் கண்ணாடிக்குள் இருக்கும் மரத்தடுப்பு, ரிசப்ஷன் மேசை, ஃபிளாட்டுகளில் பூஜை ரூம் ஜாலிக் கதவு எல்லாம் எங்கிருந்து வருகிறது? மெயின் ரோட்டை விட்டு இரண்டு சந்து உள்ளே போனால் தகரக்கூரை ஷெட்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரு சிஎன்சி ரவுட்டர். கம்ப்யூட்டரில் படம் கொடுத்தால் பலகையில் அப்படியே செதுக்கித் தரும். அந்த மெஷின்களில் சிலவற்றுக்குக் கடன் கொடுத்தது எங்கள் கிளை. அப்படித்தான் கத்துகிற கதிர் ஒன்று என் மேசைக்கு வந்து சேர்ந்தது.

வாடிக்கையாளர் ஒருவர் (பெயர் வேண்டாம், பேங்க் ரகசியம்) இரண்டு தவணை தாமதம். மூன்றாவதும் தாமதமானால் கணக்கு வாராக்கடன் பட்டியலுக்குப் போய்விடும். போய்ப் பார்த்தால் மெஷினை ஓட்ட முடியவில்லை. ஸ்பிண்டில் ஊளையிடுகிறது, வெட்டின ஓரமெல்லாம் அலை அலையாக வருகிறது, எம்டிஎஃப் பலகை பாழ். மெஷின் விற்றவர்களின் ஆள் வந்து, ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டு, "புது ஸ்பிண்டில் போடணும்" என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் போனாராம். அதற்கு இன்னொரு கடன் வேண்டும் என்பது விண்ணப்பம். கடன் கொடுப்பதற்கு முன்னால், பழையது ஏன் செத்தது என்று தெரிய வேண்டாமா? அந்தக் கேள்வியில்தான் இந்தச் சரித்திர ஆராய்ச்சி ஆரம்பித்தது.

முதலில் அது என்ன வஸ்து என்று பார்த்துவிடுவோம். கிண்டியில் ஓடும் சாதாரண மோட்டாராகட்டும், மாதாப்பூர் மோட்டாராகட்டும், கரண்ட் கம்பியில் வருவது 50 ஹெர்ட்ஸ். இரண்டு துருவ மோட்டார் அதில் நிமிடத்துக்கு 3,000 சுற்றுக்கு மேல் போகாது. மரம் சுத்தமாக வெட்ட அது போதாது. அதனால் விஎஃப்டி என்கிற டிரைவ் பெட்டி 50-ஐ 400 ஹெர்ட்ஸாக்கித் தரும். சுற்று 24,000 ஆகும். ஒரு நொடிக்கு 400 சுற்று. அந்த வேகத்தில் தண்டைப் பிடித்துக்கொண்டிருப்பது முனையில் ஒரு ஜோடி, பின்னால் ஒன்றிரண்டு பேரிங், அவ்வளவுதான். முனையில் இருப்பவை 'ஆங்குலர் காண்டாக்ட்' வகை, ஒரு பக்கத் தள்ளலை மட்டும் தாங்குபவை. அதனால் இரண்டை முதுகோடு முதுகு சேர்த்து, லேசாக அழுத்திப் பொருத்துவார்கள். அந்த அழுத்தம் கொஞ்சம் குறைந்தால் தண்டு ஆடும், கூடினால் பேரிங் கொதிக்கும்.

இந்தக் குண்டு பேரிங்குக்கு வயசு இருநூறு தாண்டிவிட்டது. 1794-ல் வேல்ஸில் ஃபிலிப் வான் என்ற இரும்புப் பட்டறைக்காரர் வண்டி அச்சுக்காகக் காப்புரிமை வாங்கினார். 1869-ல் பாரீஸின் ஜூல் சூரிரே அதை சைக்கிளில் போட்டார். அந்த வருஷமே பாரீஸ்-ரூவான் பந்தயத்தில் ஜேம்ஸ் மூர் அப்படிப்பட்ட வண்டியில் ஜெயித்தார். ஆனால் குண்டுகள் ஒன்றுபோல் ஒன்று இருந்தால்தானே? ஒரு குண்டு கொஞ்சம் பெரிசாக இருந்தால் பாரம் முழுக்க அதன் தலையில்தான். கூட்டுக் குடும்பத்து மூத்த பையன் மாதிரி. 1883-ல் ஜெர்மனியில் ஷ்வைன்ஃபுர்ட் ஊர் ஃபிரீட்ரிக் ஃபிஷர், குண்டுகளை ஒரே அளவில் உருண்டையாக அரைக்கும் இயந்திரத்தைச் செய்தபிறகுதான் பேரிங் ஒரு தொழிலாயிற்று.

எனக்குப் பிடித்த கதை அதற்கு அடுத்தது. அதுவும் நூல்-துணி மில் கதை என்பதால் கோயமுத்தூர்க்காரனுக்கு இன்னும் பிடிக்கும்.

ஸ்வீடனில் யோட்டபோரி என்று ஒரு துறைமுக ஊர். அங்கே ஒரு ஜவுளி ஆலையில் ஸ்வென் விங்க்விஸ்ட் என்பவர் இயந்திரங்களைப் பராமரிக்கும் இன்ஜினியர். அந்தக் காலத்து ஆலையில் ஒவ்வொரு மெஷினுக்கும் தனி மோட்டார் கிடையாது. கூரையடியில் ஒரு நீளத் தண்டு ஓடும், அதிலிருந்து பெல்ட் போட்டு எல்லா மெஷினும் ஓடும். அந்தத் தண்டின் பேரிங்குகள் அடிக்கடி போய்க்கொண்டே இருந்தன. மாற்றினால் மறுபடியும் போகும். வெளிநாட்டிலிருந்து நல்லதாக வாங்கிப் போட்டாலும் போகும். நம்ம ஊராக இருந்தால் சப்ளையரை மாற்றியிருப்போம், அல்லது ஸ்டோர் கீப்பரைச் சந்தேகப்பட்டிருப்போம். விங்க்விஸ்ட் தரையைப் பார்த்தார். ஆலை நின்றது களிமண் பூமியில். கட்டடம் கொஞ்சம் கொஞ்சமாக அமிழ்ந்துகொண்டிருந்தது, அதனால் தண்டு நேர்கோட்டில் நிற்கவில்லை. குற்றவாளி பேரிங் இல்லை, மண். மண்ணை மாற்ற முடியாதே! எனவே தண்டு கொஞ்சம் சாய்ந்தாலும் தானும் சாய்ந்துகொடுக்கிற இரட்டை வரிசைக் குண்டு பேரிங்கை வடிவமைத்தார். 1907-ல் அதற்குக் காப்புரிமை. அதே வருஷம் எஸ்கேஎஃப் கம்பெனி. (வோல்வோ கார் கம்பெனி இந்த எஸ்கேஎஃப்பின் வயிற்றில் பிறந்த பிள்ளை. வோல்வோ என்றால் லத்தீனில் 'உருள்கிறேன்' என்று அர்த்தம். முதலில் ஒரு பேரிங்குக்காகப் பதிவு செய்த பெயராம்.)

அதே கம்பெனியின் பால்ம்கிரேனும், அவரோடு சேர்ந்து லுண்ட்பெரி என்பவரும் 1947-ல் பேரிங்கின் ஆயுளுக்குக் கணக்கு எழுதினார்கள். ஒரு பேரிங் எப்போது சாகும் என்று சொல்ல முடியாது, நூறு பேரிங்கில் பத்து எப்போதைக்குள் சாகும் என்றுதான் சொல்ல முடியும் என்பது அவர்கள் கட்சி. கடன் கணக்குக்கு ஒதுக்கீடு வைக்கிறவனுக்கு இந்த மொழி உடனே புரியும். குண்டு பேரிங்கில் பாரம் இரண்டு மடங்கானால் ஆயுள் பாதியாகாது, எட்டில் ஒன்றாகும். கந்துவட்டி பரவாயில்லை போல.

இனி நம்ம ஊருக்கு, அதாவது நான் குடியிருக்கும் ஹைதராபாத்துக்கு வருவோம். இங்கே புதிதாக வருகிறவர்கள் இது பிரியாணியும் சாஃப்ட்வேரும் மட்டும் என்று நினைப்பார்கள். எனக்கும் யாரும் சொல்லவில்லை, இந்த ஆராய்ச்சியில்தான் தெரிந்துகொண்டேன். நிஜாம் ஆட்சியிலேயே, 1942-ல் சனத்நகர் ஆல்வின், 1943-ல் செகந்திராபாத் காவடிகூடாவில் பிராகா டூல்ஸ். அந்த 1943 கவனிக்க வேண்டிய வருஷம். அந்த ஆகஸ்டிலும் அக்டோபரிலும் அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் ஷ்வைன்ஃபுர்ட்டைத் தாக்கின. பேரிங் ஆலைகளை நொறுக்கினால் ஜெர்மனியின் டாங்கியும் விமானமும் நின்றுவிடும் என்று கணக்கு. அக்டோபர் 14 ஒரே நாளில் 60 விமானங்களை இழந்தார்கள். இங்கிலாந்துக்காரர்களோ ஸ்வீடனிலிருந்து பேரிங்குகளை வேகப் படகிலும் விமானத்திலும் கொண்டுவந்துகொண்டிருந்தார்கள். குண்டு என்றால் இரண்டும்தான், அதற்கும் இதற்கும் அப்படி ஒரு சண்டை.

சுதந்திரத்துக்குப் பிறகு, 1953-ல் பெங்களூரில் தொடங்கிய எச்எம்டி, 1965-ல் ஹைதராபாத்துக்கு வந்தது. 1968-ல் பாலாநகரில் சென்ட்ரல் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டூல் டிசைன், ஐ.நா. உதவியோடு. மாதாப்பூரிலிருந்து டிராஃபிக் இல்லாத நேரத்தில் (அப்படி ஒரு நேரம் உண்டா?) அரைமணி. பிறகு மௌலாலியில் இந்தோ-நிப்பான் பிரிசிஷன் பேரிங்ஸ் என்று மாநில அரசின் ஆலை ஒன்று. அதை 1981-ல் எச்எம்டி எடுத்துக்கொண்டு எச்எம்டி பேரிங்ஸ் ஆக்கியது. ஒரு காலத்தில் மெஷினும், அதற்கு டூல் டிசைன் பண்ணுகிற ஆளும், பேரிங்கும் ஒரே ஊரில் கிடைத்த ஊர் இது.

அப்புறம் 1991, இறக்குமதி, போட்டி, நஷ்டம், ஊழியர்களுக்கு வி.ஆர்.எஸ். இதெல்லாம் தெரிந்த கதைதான், நீட்டவில்லை. பிராகா எச்எம்டியோடு சேர்க்கப்பட்டது. எச்எம்டி பேரிங்ஸை மூட மத்திய அமைச்சரவை 2016-ல் முடிவு செய்தது. அதே முடிவில்தான் எச்எம்டி வாட்சும் மூடப்பட்டது. வாட்சுக்காக நாடே கண்ணீர் விட்டது, கட்டுரை எழுதியது, பழைய 'ஜனதா' வாட்சைத் தேடி வாங்கியது. பேரிங்குக்கு யாரும் அழவில்லை. கையில் கட்டிக்கொள்ள முடியாததுதான் காரணமோ என்னவோ. இப்போது நாச்சாரம் பக்கம் எச்எம்டி நகர், குகட்பள்ளி பக்கம் எச்எம்டி ஹில்ஸ் என்று அடுக்குமாடி முகவரிகளில் பெயர் இருக்கிறது.

ஆலைகள் போனாலும் ஆட்கள் இருக்கிறார்கள் இல்லையா? பாலாநகர் வாடிக்கையாளர் ஒருவர் கைகாட்டிய ஆள் வந்தார். இந்த ஊர்ப் பொதுத்துறை ஆலை ஒன்றில் முப்பது வருஷம் ஸ்பிண்டில் அசெம்பிளியில் இருந்து வி.ஆர்.எஸ் வாங்கியவர். எல்லோரும் 'மாஸ்டர் காரு' என்கிறார்கள். ஒரு பழைய ரெக்சின் பை, ஒரு டயல் கேஜ், நீளமான ஒரு ஸ்க்ரூ டிரைவர். சனிக்கிழமை மதியம் ஆணி பிடுங்கி முடித்துவிட்டு நானும் போயிருந்தேன்.

அவர் மெஷினைத் தொடவே இல்லை. முதலில் கட்டரைக் கழற்றி ஓட்டச் சொன்னார். ஊளை அப்படியே. கொலெட்டையும் நட்டையும் கழற்றி ஓட்டச் சொன்னார். கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது, போகவில்லை. அதாவது கட்டர் வளைவோ கொலெட் அழுக்கோ மட்டும் காரணம் இல்லை. பிறகு 24,000-லிருந்து 12,000-க்கு இறக்கச் சொன்னார். இப்போது சத்தத்தில் இரண்டு குரல் பிரிந்து கேட்டது. மெல்லிய கீச்சுக் குரல் மாறவே இல்லை, அடியில் இருந்த உறுமல் மட்டும் சுதி இறங்கியது. "மேனேஜர் காரு, கீச்சு டிரைவ் பெட்டியோடது, அது கரண்ட் சத்தம், விட்டுடுங்க. சுத்துக்கு ஏத்த மாதிரி சுதி மாறுது பாருங்க, அதுதான் நம்ம ஆளு" என்றார் தெலுங்கில். உறுதிப்படுத்த, டிரைவில் பிரேக்கை எடுத்துவிட்டு, முழு வேகத்தில் மின்சாரத்தை வெட்டச் சொன்னார். கீச்சு அந்தக் கணமே செத்தது. உறுமல் தண்டோடு சேர்ந்து தேய்ந்து தேய்ந்து நின்றது. மோட்டாரின் மின்கோளாறாக இருந்தால் கரண்ட் போன நொடியே அதுவும் போயிருக்கும். எவ்வளவு எளிய சோதனை! இதற்கு ஒரு ரூபாய் செலவில்லை.

அப்புறம் ஸ்க்ரூ டிரைவரின் முனையை ஸ்பிண்டில் உடம்பில் வைத்து, பிடியைக் காதில் வைத்தார். மேலே, நடுவில், கீழே. "முனை பேரிங். பின்னாடி நல்லா இருக்கு." டயல் கேஜை முனையின் உள்சரிவில் வைத்துக் கையால் சுற்றினால், முள் ஒரு மில்லிமீட்டரில் நூறில் மூன்று பங்கு ஆடியது. நூறில் ஒன்று ஆடினாலே அவருக்கு முகம் சுளிக்குமாம்.

உரிமையாளரின் மகன் இன்ஜினியரிங் படிக்கிறான். போனில் ஒரு ஆப் வைத்து அதே சத்தத்தைப் படமாகக் காட்டினான். கிட்டத்தட்ட 1,900 ஹெர்ட்ஸில் ஒரு கோபுரம். அவன் கணக்கு: நொடிக்கு 400 சுற்று, பேரிங்கில் 12 குண்டு, வெளி வளையத்தில் பள்ளம் இருந்தால் சுற்றையும் குண்டு எண்ணிக்கையையும் பெருக்கி அதில் சுமார் 0.4 பங்கு. வருவது 1,920. கிழவரும் பையனும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். காது சொன்னதும் கணக்கு சொன்னதும் ஒன்று.

இந்தச் சத்தக் கணக்குக்கும் ஒரு சரித்திரம் உண்டு, அதில் எங்கள் ஜாதிக்காரர் ஒருவர் வருகிறார். எந்த அளவு அதிர்வு சரி, எந்த அளவு ஆபத்து என்று முதன்முதலில் ஒரு வரைபடமாகப் போட்டுக் கொடுத்தவர் டி.சி. ராத்போன். வருஷம் 1939. அவர் வேலை பார்த்தது மெஷின் கம்பெனியில் இல்லை, அமெரிக்க இன்ஷூரன்ஸ் கம்பெனியில். டர்பைன் வெடித்தால் பணம் கொடுக்க வேண்டியவர்கள் அவர்கள்தானே, அதனால்தான் அந்த அக்கறை. 1965-ல் கூலியும் டூக்கியும் சத்தத்தை அலைவரிசைகளாகப் பிரிக்கும் வேகமான கணக்கு முறையை வெளியிட்டார்கள். பையனின் போனுக்குள் ஓடுவது அதன் வழிவந்ததுதான். அதிர்வு அளவுக்கான சர்வதேசத் தரம் ஐஎஸ்ஓ 2372 வந்தது 1974-ல்.

பேரிங் போனது தெரிந்தாயிற்று, மாற்றலாம் என்று உரிமையாளர் கிளம்பினார். மாஸ்டர் காரு நகரவில்லை. "மாத்தினா மறுபடி ஆறு மாசத்துல போகும். ஏன் போச்சுன்னு பார்க்கலாம்." வேலை செய்யும் பையனை, எப்போதும் செய்கிற மாதிரியே ஒரு பலகை வெட்டிக் காட்டச் சொல்லிவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். பையன் வெட்டினான், நிறுத்தினான். பிறகு கம்ப்ரெஸர் ஏர் கன்னை எடுத்து, மெஷினை ரொம்பப் பொறுப்பாக, ஸ்பிண்டில் முனை உட்பட, புஸ்ஸென்று ஊதிச் சுத்தம் செய்தான். நல்ல பையன், தினமும் பத்து தடவையாவது செய்வானாம்.

அவ்வளவுதான் விஷயம். எம்டிஎஃப் தூள் மாவு மாதிரி நைஸ். முனையில் தூசி நுழையாமல் ஒரு வளைந்த சந்து வைத்திருப்பார்கள். தானாகப் பறக்கும் தூசியைத்தான் அது தடுக்கும், காற்றழுத்தத்தில் குத்தி ஏற்றும் தூசியைத் தடுக்காது. எனக்கு அந்த இடத்தில் விங்க்விஸ்டின் களிமண் ஞாபகம் வந்தது. மாஸ்டர் காருவிடம் அந்தக் கதையைச் சொன்னேன். "ஸ்வீடன்காரனா? நல்ல ஃபிட்டர்" என்றார்.

பேரிங்கை எழுத்து எழுத்தாக எண் பார்த்து, ஜோடியாக வாங்கி வரச் சொன்னார். தனித்தனியாக இரண்டு வாங்கினால் அந்த முதுகோடு முதுகு அழுத்தம் சரியாக வராது. மாற்றியது அவர் வீட்டு மாடியில், ஃபேனைக்கூட நிறுத்திவிட்டு. பேரிங்கைச் சுமார் எண்பது டிகிரிக்குச் சூடாக்கினால் தானாகத் தண்டில் இறங்கும். சுத்தியலால் அடித்தால், அதுவும் வெளி வளையத்தில் அடித்தால், அடி குண்டுகள் வழியாகப் போய்ப் பாதையில் பள்ளம் விழும், புது பேரிங் அங்கேயே பழசாகிவிடும். கிரீஸ் உள்ளிடத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. நிறைய வைத்தால் நல்லது என்று நினைக்கிறோம், இந்த வேகத்தில் அது கடைபட்டுக் கொதிக்கும். ஓடவிடும்போது 6,000-ல் கொஞ்ச நேரம், நிறுத்தி ஆறவிட்டு 12,000, பிறகு 18,000, கடைசியில்தான் 24,000. ஒவ்வொரு படியிலும் முனையைத் தொட்டுப் பார்த்தார்.

மொத்தச் செலவு புது ஸ்பிண்டில் விலையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே. கடன் விண்ணப்பத்தை உரிமையாளர் தானே திரும்ப வாங்கிக்கொண்டார். கோப்பில் 'பழுது நீக்கப்பட்டது' என்று ஒரு வரி எழுதினேன்.

செத்த பேரிங்கின் வெளி வளையத்தை மாஸ்டர் காரு கிரைண்டரில் அறுத்துக் காட்டினார். கண்ணாடி மாதிரி இருக்க வேண்டிய பாதையில் ஊசி முனையால் குத்திய மாதிரி புள்ளிகள், ஓரிடத்தில் செதில் பெயர்ந்திருந்தது. பையனைக் கூப்பிட்டு அதைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார், திட்டவில்லை. ஏர் கன் இப்போது ஷெட்டின் மறுகோடியில், ஹோஸ் எட்டாத தூரத்தில் தொங்குகிறது. மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு பெயிண்ட் பிரஷ்ஷும் வேக்குவம் குழாயும்.